பிள்ளைகள் வந்து சேர எத்தனை மணி நேரம்?

(மூத்த குடிமக்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஆதம்பாக்கத்துக்காரர்களுக்கு விமானம் புதிதல்ல. மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டுவிட்டு வருவதற்குள் நாலு விமானம் கண்ணில் பட்டுவிடும். மீனம்பாக்கம் நமக்கு ஆட்டோ தூரம். அதனாலோ என்னவோ, வெளிநாடும் பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. "ஒரு போன் போட்டால் மறுநாள் காலை வந்து நிற்பான்" என்று பலரும் சொல்கிறார்கள். அது பிள்ளை இருக்கும் ஊரைப் பொறுத்தது.

சிங்கப்பூர் என்றால் சரி. சுமார் 2,900 கி.மீ.; நேரடி விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால், அங்கே காலை 10 மணிக்குக் கிளம்பி இங்கே 11.30க்கு இறங்குவதாக இருக்கும். ஒன்றரை மணி நேரம்தானா என்று மலைக்காதீர்கள். அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம்.

லண்டன் சுமார் 8,200 கி.மீ. இங்கிருந்து போக பத்தரை, பதினோரு மணி நேரம் ஆகும். வரும்போது கொஞ்சம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பிள்ளை வருவதற்குக் காற்றும் ஒத்தாசை!

சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவர்கள் கதைதான் வேறு. சுமார் 14,000 கி.மீ.; சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாக வந்தால் அதுவரைக்குமே பதினைந்தரை, பதினாறு மணி. அங்கே ஒரு மூன்று மணி காத்திருப்பு, பிறகு இன்னும் நான்கு மணி. நீங்கள் வெள்ளி இரவு பத்தரைக்குப் போன் போடுகிறீர்கள். அங்கே அப்போதுதான் வெள்ளி காலை. அன்று மாலை நாலு மணி விமானத்துக்கே டிக்கெட் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மகனோ மகளோ மீனம்பாக்கத்தில் இறங்குவது ஞாயிறு விடியற்காலை. முப்பது மணி நேரம் ஓடியிருக்கும். அதுவும் எல்லாம் சரியாக அமைந்தால்!

அந்த முப்பது மணி நேரத்துக்கு இங்கே யார்? ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவார்? இன்ஷூரன்ஸ் அட்டை எந்த அலமாரியில்? மாற்றுச் சாவி யாரிடம்? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது வேறு யாருக்காவது தெரியுமா? தனியாக இருப்பவர்கள் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்று. சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஃப்ரீசர் பெட்டியை வைத்துக்கொண்டு, "பையன் எப்போது வருவான்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நின்ற வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். யாருக்காக, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை நீங்களே பிள்ளைகளிடம் பேசி வைத்துவிட்டால், அன்றைக்கு அந்தப் பாரம் அக்கம்பக்கத்தார் தலையில் விழாது.

இந்த ஞாயிறு வீடியோ காலில் கேளுங்கள்: "உன் வீட்டு வாசலிலிருந்து நம் வீட்டு வாசலுக்கு எத்தனை மணி நேரம்?" பதிலை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டு போன் நம்பரையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.