கோமாளிகள் ஆடிய ஹாம்லெட்

சோக நாடகம் ஒன்றைச் சிரிப்பு நாடகமாக மாற்றி மேடையேற்றலாமா? அது மூல ஆசிரியரை அவமதிப்பதாகாதா? தலைநகரில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டு வாழும் நாம், இக்கேள்விக்கு நெடுநாள் "அவமதிப்பே" என்றுதான் விடையளித்து வந்தோம். மூலத்தின் ஒரு சொல்லும் சிதையாமல் காப்பதன்றோ நமது தொழில்! அவ்விடையை மாற்றிய நாடகம் ஒன்றைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறோம்.

"ஹாம்லெட், கோமாளி இளவரசன்" என்று அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கலாம். மும்பை நாடக இயக்குநர் ரஜத் கபூர் 2008-ஆம் ஆண்டில் அதனை மேடைக்குக் கொண்டுவந்தார். அதில் நேரே ஹாம்லெட் வருவதில்லை; முகத்தில் வண்ணம் பூசிய கோமாளிகள் சிலர் ஒன்றுகூடி ஹாம்லெட் நாடகத்தை ஆட முற்படுகிறார்கள். அதுல் குமார் ஏற்ற ஸோஸோ என்னும் கோமாளி, இளவரசனாக நடிக்கிறான்.

மூலக்கதையை நேயர்கள் அறிவர். டென்மார்க் நாட்டு மன்னன் இறந்ததும் அவன் தம்பி அரியணையையும் அண்ணன் மனைவியையும் அடைகிறான். மன்னனின் ஆவி தன் மகன் ஹாம்லெட்டிடம் தோன்றி, தன்னைக் கொன்றவன் அத்தம்பியே என்று கூறிப் பழிவாங்கப் பணிக்கிறது. நாடகம் முடிவதற்குள் எட்டு உயிர்கள் மடிகின்றன. இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

கோமாளிகள் கதையைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், தமக்குள் சண்டையிடுகிறார்கள், அவையோரிடமும் பேச்சுக் கொடுக்கிறார்கள். அவர்கள் பேசும் மொழியோ பாதி ஆங்கிலம், பாதி எம்மொழியிலும் இல்லாத வெற்றொலி. ஆனால், தந்தையை இழந்த மகனின் துயரம் மேடையில் எழும்பொழுது, அந்த வெற்றொலியே அதனைத் தாங்கி வருகிறது. சிரித்துச் சிரித்து நெகிழ்ந்திருந்த நெஞ்சில் அத்துயரம் தடையின்றி இறங்குகிறது.

இது ஷேக்ஸ்பியருக்குப் புறம்பானதன்று. கல்லறை தோண்டுவோர் இருவர் வேடிக்கை பேசும் காட்சி மூல நாடகத்திலேயே உண்டு. பழைய பதிப்புகள் அவ்விருவரையும் "கோமாளிகள்" என்றே குறிக்கின்றன. அவர்களுள் ஒருவன் எடுத்துக்காட்டும் மண்டையோடு அரசவை விகடன் யோரிக்குடையது. அக்காட்சியில் சாவைப் பற்றி ஹாம்லெட் ஆழ்ந்து சிந்திப்பது, தன்னைச் சிறுவயதில் சிரிக்கவைத்தவனின் எலும்பைக் கையில் ஏந்திக்கொண்டுதான். நம் தெருக்கூத்திலும் திரௌபதியின் துயரை ஆடும் அதே களத்தில் கட்டியக்காரன் கேலி பேசி நிற்கிறான். அவன் கேலியால் அவள் கண்ணீரின் மதிப்புக் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை.

தமிழ் மேடைக்கும் ஹாம்லெட் புதியவனல்லன். 1891-இல் சென்னையில் தோன்றிய சுகுண விலாச சபையின் நிறுவனர்களுள் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியார், அவனை "அமலாதித்யன்" ஆக்கித் தமிழ் பேச வைத்தார். பெயரையும் ஊரையும் மாற்றியும் நாடகத்தின் உயிரை விட்டுவிடாமல் கொண்டுவர முயன்றார். கோமாளிகளோ சொற்களையும் உதறிவிட்டு அதே உயிரைத் தேடினார்கள்.

தில்லி அரங்கில் இந்நாடகத்தைக் கண்டபொழுது, பன்னிரண்டு வயதான நம் மகளும் உடனிருந்தாள். ஒவ்வொரு வெற்றொலிக்கும் பொருள் தேடி நாம் திகைத்துக்கொண்டிருக்க, அவள் முதலிலேயே சிரித்தாள். முதலிலேயே கண் கலங்கினாள். வீடு திரும்பும் வழியில், "உனக்கு எப்படிப் புரிந்தது?" என்று கேட்டோம். "அவங்க தப்புத் தப்பாப் பேசினாலும் யாரும் நிறுத்தலையே, அப்பா" என்றாள்.

அந்த விடை நம்மைச் சுட்டது. அவள் தமிழில் இந்தி கலந்திருக்கும். வேற்றுமை உருபுகள் இடம் மாறியிருக்கும். தஞ்சையிலுள்ள தன் பாட்டியோடு தொலைபேசியில் அவள் பேசும்பொழுதெல்லாம், அருகில் நின்று ஒவ்வொரு சொல்லையும் நாம் திருத்தி வந்தோம். சில மாதங்களாக அவள் பாட்டியோடு பேசுவதையே குறைத்துவிட்டாள். பாட்டியும், "குழந்தைக்குப் படிப்பு அதிகமோ?" என்று கேட்டுவிட்டு மௌனமாவார். மொழியைக் காப்பதாக எண்ணி, அம்மொழியில் பேசவேண்டிய உறவையே நாம் அறுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டு நாம் அடுத்த அறைக்குச் சென்றோம். பிழைகள் காதில் விழுந்தன, வாய் திறக்கவில்லை. சிறிது நேரத்தில் அவள் உரக்கச் சிரிக்கும் ஒலி கேட்டது. பின்னர் பாட்டியின் முழங்கால் வலியைப் பற்றி அவள் தணிந்த குரலில் விசாரித்தாள். உருபு பிழைத்திருந்தது, அன்பு பிழைக்கவில்லை.

செம்மையான தமிழ் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அதனைக் கற்பிக்க நூலுண்டு, நேரமுண்டு. ஆனால் பேச்சு நின்றுபோன வீட்டில் திருத்துவதற்கு என்ன மிஞ்சும்? பிற மாநிலங்களில் குழந்தைகளை வளர்க்கும் நேயர்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டுகிறோம்.