வாயிலில் வைத்த விளக்கு

திருச்சிற்றம்பலம்.

மெய்யன்பர்களே! திருவிழாவின் முதல் நாளில் இடபக்கொடி ஏறக் கண்டோம். கொடி ஏறிய அளவிலே ஊர் முழுவதும் செய்தி அறிந்தது. நெற்றிக்குத் திருநீறும், வீட்டு வாயிலுக்குக் கோலமும் மாவிலைத் தோரணமும் அவ்வாறே அமைகின்றன. அகத்தன்பைப் புறத்தே காட்டும் இவ்வடையாளங்களைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

அமெரிக்க நாட்டுக் குடியிருப்புகளில் பல வீடுகளுக்கு முன்மதில் இல்லை. தெருவரை புல்வெளியே உண்டு. கிறிஸ்துமஸ் நாட்களில் சிலர் அங்கே இயேசு பிறந்த தொழுவக் காட்சியை அமைப்பர். யூதர் ஹனுக்கா விழாவில் ஒன்பது சுடர் விளக்கை வழிச்செல்வோர் காணுமாறு சாளரத்தில் வைப்பர். வாயிலில் விநாயகர் திருவுருவை வைக்கும் நம்மவரும் உளர்.

ஆயின் அங்குள்ள குடியிருப்போர் சங்கங்கள் பலவற்றிற்குக் கடுமையான விதிகள் உண்டு. சமய உரிமையைக் காக்கும் அந்நாட்டு அரசியலமைப்பு அரசைக் கட்டுப்படுத்தும். தனியார் சங்கங்களைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. ஆதலின் பிணக்குகள் எழுந்தன. வாயிற்கதவில் 25 சதுர அங்குலத்துக்குள் சமயச் சின்னம் வைப்பதைச் சங்கங்கள் தடுக்கலாகாது என்று டெக்சாஸ் மாநிலம் 2011-இல் சட்டம் செய்தது. 2021-இல் அவ்வளவை நீக்கி, பொதுப் பாதுகாப்பு முதலிய சில வரம்புகளோடு, மனை முழுவதற்கும் அவ்வுரிமையை விரித்தது.

சட்டம் நம் சின்னத்தை வைக்க இடந்தரும். அயலார் சின்னத்தை மதிக்கும் நெஞ்சத்தைத் தருமோ?

1993-ஆம் ஆண்டு டிசம்பரில், மொண்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் நகரில், அவ்விளக்கின் வடிவம் வைத்திருந்த யூதர் வீட்டுச் சாளரத்தின்மீது எவரோ கல்லெறிந்தனர். அது ஒரு சிறுவனின் படுக்கையறை. அவனுக்கு ஊறு நேரவில்லை. அந்நகரில் யூதர் மிகச் சிலரே. ஆயினும் நகரத்தார் வாளாவிருந்தாரல்லர். ‘பில்லிங்ஸ் கெஜட்’ நாளிதழ் விளக்கின் படத்தை முழுப்பக்கத்தில் அச்சிட்டது. யூதரல்லாத குடும்பத்தார் ஆயிரக்கணக்கில் அதனைத் தம் சாளரங்களில் ஒட்டினர். அவர்தம் வீடுகள் சிலவும் தாக்கப்பட்டன; அதன் பின்னரும் விளக்குகள் பெருகின.

இதனை அறியுந்தோறும் நமக்கு மெய்ப்பொருள் நாயனார் நினைவுக்கு வருகிறார். முத்தநாதன் மேனியெங்கும் நீறு பூசி, சுவடிக்கட்டில் படையை மறைத்து வந்து குத்தினான். தத்தன் வாளை ஓங்கினான். நாயனாரோ அவனைத் தடுத்து, வந்தவனை ஊறின்றி நகர்ப்புறத்தே கொண்டுபோய் விடுமாறு பணித்தார். பகைவன் பூண்டிருந்தபோதும் திருவேடத்தின் பெருமை குறையாது என்பதே அவர் துணிபு.

நாயனார் போற்றியது தம் சமயச் சின்னத்தை அன்றோ என்று சிலர் வினவலாம். எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அருள்பவன் மாதொருபாகனே என்பது சிவஞான சித்தியாரின் தெளிவு. அங்ஙனமாயின் அயலார் ஏற்றும் விளக்கு நமக்கு அயலாவது எங்ஙனம்?

ஆதலின், வாயிலில் வேலும் ஓங்காரமும் வைப்போம். பிறரை வெல்லுதற்கன்று, நம்மை நினைவூட்டுதற்கு. அயல்வீட்டு விளக்கின்மேல் கல் விழும் நாள் வருமாயின், அவ்விளக்கை நம் வாயிலிலும் ஏற்றுவோம். அந்நாளில்தான் நாம் அணிந்த நீறு பொருளுடையதாகும்.

திருச்சிற்றம்பலம்.