அலோர் ஸ்டார் வயலில் இறங்கிய விமானம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



வீரம் என்றதும் நம் பிள்ளைகள் கட்டபொம்மன் வசனத்தை முழங்கிக் காட்டுவார்கள். நல்லதுதான். இன்று நான் சொல்லப்போவது நம் கெடா மண்ணிலேயே முடிந்த ஒரு சம்பவம்.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் படை சயாமின் சிங்கோராவில் கரையிறங்கி, அங்கிருந்த விமானத் திடலையும் பிடித்துக்கொண்டது. மறுநாள் அதைத் தாக்கச் சொல்லி, பட்டர்வொர்த்தில் இருந்த பிரிட்டிஷ் விமானப் படைக்கு உத்தரவு வந்தது. பிளென்ஹைம் என்னும் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பத் தயாராக நின்றன. முதலில் ஏறியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப். வயது 28. அவர் சக்கரம் தரையை விட்டதுதான் தாமதம், ஜப்பான் விமானங்கள் பாய்ந்து வந்து, கீழே நின்றவற்றைப் பறக்க முடியாதபடி நாசம் பண்ணிவிட்டன.

மேலே ஒற்றை விமானம், அதுவும் பட்டப்பகல். திரும்பி வந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மனுஷன் திரும்பவில்லை. தனியாகவே சிங்கோரா போய்க் குண்டு போட்டார். திரும்பும் வழியில் எதிரி விமானங்கள் விடாமல் துரத்திச் சுட்டன. இடது கை சிதைந்துபோனது. முதுகிலும் பெரிய காயம். கூட இருந்த இரண்டு பேரும் அவர் சாய்ந்துவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து நெல்வயலில் விமானத்தை இறக்கினார். அந்த இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர் யார் தெரியுமா? அவருடைய மனைவி. தன் ரத்தத்தையே எடுத்துக் கொடுத்தும், அந்த அம்மாவால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

போர்க் குழப்பத்தில் இந்தச் செய்தி வெளியே வரவே நாளாயிற்று. 1946-இல்தான் விக்டோரியா கிராஸ் பதக்கம் அறிவித்தார்கள்.

"வெள்ளைக்காரன் தன் ராஜ்யத்துக்காகச் செத்தான், நமக்கென்ன?" என்று தோட்டத்துப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜித்ரா விழுந்தது, குரூண் விழுந்தது, வெள்ளைக்காரன் தெற்கே போய்விட்டான். பால் மரத்தடியில் நின்ற நம் ஜனங்களை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அங்கே ஆயிரக்கணக்கில் மாண்டார்களே, அவர்களுக்கு யார் மெடல் கொடுத்தார்கள்? அந்த மனக்குறை எனக்கும் உண்டு. ஆனாலும், உயிர் போகிற நேரத்தில் இரண்டு பேரைப் பத்திரமாகத் தரையில் சேர்த்த மனிதர் எந்த ராஜ்யத்துக்காரராக இருந்தால் என்ன?

ஸ்கார்ஃபின் கல்லறை தைப்பிங் போர் மயானத்தில், மாக்ஸ்வெல் மலைக்குப் போகும் சாலையோரம் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, சாலையின் அந்தப் பக்கமும் போகவேண்டும். அங்கே இருப்பவர்கள் இந்தியச் சிப்பாய்கள், கூர்க்காக்கள். அந்த மயானத்தில் 500-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் உறங்குவது யாரென்றே தெரியாது. அடுத்த சுற்றுலாவில் பஸ்ஸை அங்கே அரைமணி நேரம் நிறுத்தும்படி ஆசிரியர்களைக் கேட்டிருக்கிறேன்.