கதிர் சிகிச்சையும் நுரையீரல் பாதுகாப்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் மஹல்லாவைச் சார்ந்த ஒரு தாயார், மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடித்துத் திரும்பினார்கள். 'கரண்ட் வைத்தல்' என்று நம் மக்கள் கூறுவது இதனையே. இரண்டு மாதங்களில் வறட்டு இருமல் வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. அவர்தம் மகனார் நம்மிடம் வந்து கூறியபோது, "மழைக்காலச் சளிதான், கஷாயம் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். இருமல் மருந்திலேயே மேலும் நான்கு மாதங்கள் கழிந்தன. சிகிச்சை அளித்த மருத்துவரிடம் சென்றபோது நுரையீரலின் ஒரு பகுதி தழும்பேறி இருந்தது. அறியாமல் நாம் கூறிய அந்தச் சொல் இன்றும் நம்மை உறுத்துகிறது. ஆகவேதான் இதனைப் பேச முன்வந்தோம்.

புற்றணுக்களை அழிக்கும் கதிர், அது செல்லும் வழியிலுள்ள நல்ல காற்றுப் பைகளையும் புண்படுத்தக் கூடும். சிகிச்சை முடிந்து பெரும்பாலும் ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் அழற்சி தோன்றும். வறட்டு இருமல், மூச்சுத் திணறல், இலேசான காய்ச்சல் ஆகியன அதன் அறிகுறிகள். இந்நிலையில் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மாத்திரைகளால் அழற்சி தணியும். அவற்றைப் பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். நாமாக நிறுத்தினால் அழற்சி மீண்டும் தலைதூக்கும். கவனியாது விட்டால், புண்பட்ட இடம் நார்த்தழும்பாக இறுகி விடலாம். இறுகிய தழும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை.

எனவே தடுப்பதே சிறந்தது. அத்தடுப்பு சிகிச்சைத் திட்டத்திலேயே தொடங்குகிறது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1957-இல் கோபால்ட் கருவி நிறுவப்பட்டது. அக்காலத்தை விட இன்று கதிரைக் குறிபார்த்துச் செலுத்தும் முறை பெரிதும் வளர்ந்துள்ளது. சி.டி. ஸ்கேன் மூலம் நுரையீரலின் எப்பகுதிக்கு எவ்வளவு கதிர் செல்லும் என்று முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். நுரையீரல் புற்றுநோய் சிகிச்சையில், 20 கிரேக்கு மேல் கதிர் பெறும் பகுதி மொத்த நுரையீரலில் சுமார் 35 சதவீதத்தைத் தாண்டாதவாறு திட்டமிடுகிறார்கள். மார்பகச் சிகிச்சையில் மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் செய்து கதிர் தரும் முறையும் உண்டு. நம் பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள தரமணியில் 2019-இல் புரோட்டான் சிகிச்சை தொடங்கியது. புரோட்டான் கதிர் குறித்த ஆழத்தில் நின்று விடுவதால் அதற்கு அப்பாலுள்ள உறுப்புகள் காக்கப்படுகின்றன. செலவு மிகுந்த அம்முறை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. பீடி, சிகரெட்டை அறவே விடுங்கள். சிகிச்சைக்கு முன், "நுரையீரலுக்கு எவ்வளவு கதிர் செல்லும்?" என்று தயங்காது கேளுங்கள். ஓராண்டு வரை புதிதாக இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே கதிர் சிகிச்சை மருத்துவரிடம் செல்லுங்கள். வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் பழைய கோப்பைக் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் நிழலைக் காசநோய் என்று கருதிவிட வாய்ப்புண்டு.

இதனைக் கேட்டு எவரும் சிகிச்சைக்கு அஞ்ச வேண்டாம். சிகிச்சையைக் கைவிடுவது தழும்பை விடப் பெருந்தீங்கு. அந்தத் தாயார் இன்று புற்றிலிருந்து மீண்டுள்ளார்கள். ஆனால் மாடிப்படியில் இருமுறை நின்றே ஏறுகிறார்கள். இனி எவரேனும் நம்மிடம் இருமல் என்று வந்தால், "கரண்ட் வைத்தீர்களா?" என்பதே நம் முதல் கேள்வியாக இருக்கும். தங்கள் இல்லங்களிலும் அவ்வாறே கேளுங்கள்.