வீட்டுக்கொரு மீட்டர்



தண்ணீர் மீட்டர் விதிகளைக் கடுமையாக அமல்படுத்த வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. எனக்கும் அதில் உடன்பாடுதான். சட்டமும் கையில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. மீட்டரைக் கெடுத்தாலோ, அனுமதியின்றிக் குழாயிலிருந்து தண்ணீர் இழுத்தாலோ, அதன் 123ஆவது பிரிவின்படி 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. தீபகற்ப மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது. பெரும்பகுதி பழைய குழாய்களின் கசிவு. மீதியில் திருட்டும் உண்டு, சரியாக ஓடாத மீட்டரும் உண்டு.

ஆனால் மீட்டரே இல்லாத வீட்டுக்காரரிடம் எந்த விதியைக் காட்டுவது?

ஈப்போவைத் தாண்டி சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் பக்கம் போய்ப் பாருங்கள். தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, நிலமும் கைமாறியது. லயத்து வீடுகள் சில இடங்களில் இன்னும் நிற்கின்றன. இப்படிப்பட்ட பழைய குடியிருப்புகளில் தோட்ட வாசலில் ஒரே ஒரு பொது மீட்டர் இருக்கும். கணக்கு நிர்வாகத்தின் பெயரில் இருக்கும். அங்கிருந்து உள்ளே போகும் குழாய் எந்தக் காலத்தில் பதித்ததோ, அது எங்கே ஒழுகினாலும் அந்த மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தோட்டத்தில் வேலை இருந்தவரை இது பிரச்சினையாகத் தெரியவில்லை. 446ஆவது சட்டம், அதாவது 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. வேலை ஓய்ந்ததும், தோட்டம் விலைபோனதும் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. புதிய உரிமையாளர் பில் கட்டாமல் விட்டால், தன் பங்கை ஒழுங்காகக் கொடுத்த குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் குழாய் வறண்டுபோகும். சொந்த மீட்டர் கேட்டு விண்ணப்பிக்கப் போனால் நிலப்பட்டா எங்கே, நில உரிமையாளரின் சம்மதம் எங்கே என்ற கேள்வி வருகிறது. மூன்று தலைமுறை பால்வெட்டிய குடும்பத்திடம் பட்டா ஏது?

கணக்கையும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் கட்டணம் உயர்வதற்கு முன், பேராக்கில் வீட்டுக்கு முதல் 10 கனமீட்டருக்குத் தலா 30 சென், அடுத்த பத்துக்கு 70 சென், அதற்கு மேல் 1 ரிங்கிட் 3 சென். 20 கனமீட்டர் செலவழிக்கும் வீட்டுக்கு பில் 10 ரிங்கிட். அப்படிப் பத்து வீடுகளுக்கு 100 ரிங்கிட். அதே பத்து வீடும் ஒரே மீட்டரில் நின்று, அதே கட்டணப் படி பொருந்துமானால் பில் 195 ரிங்கிட்டைத் தாண்டும். சிக்கனமாக இருப்பவருக்கென்று வைத்த முதல் படியின் பலன் ஏழை லயத்துக்குப் போய்ச் சேராமலே போகிறது. இதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்றை இன்றும் போற்றிக் காக்கிறோம், காக்கவும் வேண்டும். அந்த மரத்தின் வழிவந்த தோட்டங்களில் உழைத்தவர்களுக்கு வீட்டுக்கொரு மீட்டர் பெரிய கோரிக்கையா?

சொந்த மீட்டர் உள்ள நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. கறுப்பு எண்கள் கனமீட்டர். ஒரு கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். சிவப்பு எண்கள் அதற்குக் கீழ்ப்பட்ட அளவு. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மீட்டர் முகப்பிலுள்ள சின்னச் சக்கரத்தைக் கவனியுங்கள். அது சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. உடனே ஆளை அழைத்துப் பாருங்கள். மீட்டருக்கு முன்னால் குழாயை வெட்டிச் சேர்க்கிறேன் என்று யார் வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

பேராக் நீர் வாரியத்துக்கும் மாநில அரசுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பழைய தோட்டக் குடியிருப்புகளில் பட்டாவுக்குக் காத்திராமல், குடியிருப்பவர் பெயரிலேயே தனி மீட்டர் பொருத்த வழி செய்யுங்கள். அதன் பிறகு 123ஆவது பிரிவைத் தாராளமாகக் காட்டலாம். பொது மீட்டருக்குப் பின்னால் வாழும் அன்பர்களே, நீங்களும் வீட்டுக்கு வீடு பெயர் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, ஒரே மனுவாகக் கொண்டுபோய் வாரிய அலுவலகத்தில் கொடுங்கள். அதன் நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் சேர்த்துவிடுங்கள்.