புழுவுக்கும் ஒரு தொட்டி

(அனகாபுத்தூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், குழு ஒன்றின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்திலே எங்களை ஒரு கேள்வி கேட்டீங்க. "பால்வாடி வாசல்ல செடி வைக்கிறோம்னு குழுப் பணத்தை எடுத்தீங்களே, பட்டாம்பூச்சி வந்துச்சா?" என்று. அன்றைக்கு எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்கிறோம். நாங்கள் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறோம். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

பால்வாடியில் பிள்ளைகள் பாடுகிற பாட்டிலே பட்டாம்பூச்சி இருக்கிறது, சுவரிலே படமாக இருக்கிறது. வாசலில் இல்லை. செடி வைத்தால் வந்துவிடும் என்று நினைத்து அடுக்கு ரோஜா, அடுக்குச் செம்பருத்தி, குரோட்டன்ஸ் என்று கண்ணுக்கு நல்லா இருக்கிறதையெல்லாம் வாங்கி வந்தோம். தண்ணீர் ஊற்ற முறை போட்டோம். செடி நன்றாகத்தான் வந்தது. மூன்று மாதம் போச்சு, ஒன்றிரண்டு வெள்ளைப் பூச்சி பறந்து வந்து, உட்காராமலே போய்விட்டது.

அதே மூன்று மாதத்தில் எங்கள் வீடுகளில் என்ன செய்தோம் தெரியுமா? கறிவேப்பிலைக் கன்றில் புழு வந்தது. சின்னதாக இருக்கும்போது காக்கா எச்சம் மாதிரி இருக்கும். பெரிதானால் இலைப் பச்சை. தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு வாடை விடும். அருவருப்பில் குச்சியால் தட்டி மிதித்தோம். ஒரு வீட்டில் மருந்தே அடித்தார்கள். எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள், பள்ளிக்கூடம் போகிற பெண், அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு புழுவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி, தினம் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருக்கிறாள். புழு கூடாக மாறி, பத்து நாள் போல அசையாமல் கிடந்தது. செத்துப்போச்சு என்று தூக்கிப் போட இருந்தார்கள். ஒரு காலையில் பார்த்தால் பாட்டிலுக்குள் கன்னங்கரேல் என்று, பின் இறக்கையில் வெள்ளைப் பொட்டு வரிசை வைத்த பட்டாம்பூச்சி. தெருவே கூடிப் பார்த்தது.

அதன் பேரே கறிவேப்பிலை அழகி. பட்டாம்பூச்சிக்காகப் பால்வாடியில் பணம் போட்டுக் காத்திருந்தோம், வீட்டில் அதையே மிதித்துக்கொண்டிருந்தோம்.

நம்ம ஊர் நெசவாளர் ஊர். அதனால் இதை விளக்குவது சுலபம். பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலைதான் வேண்டும், வேறு இலை போட்டால் தின்னாது என்று நமக்குத் தெரியும். பட்டாம்பூச்சிக்கும் அதே கதைதான். தாய்ப்பூச்சி தேன் குடிக்கிற செடி வேறு, முட்டை வைக்கிற செடி வேறு. முட்டை வைக்க வரும்போது இலையின் மேல் காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். நாம் நாக்கால் பார்க்கிற ருசியை அது காலால் பார்க்கிறது. தன் பிள்ளை தின்கிற இலை என்று தெரிந்தால்தான் முட்டை வைக்கும். தேன் மட்டும் இருந்தால் விருந்தாளி மாதிரி வந்து போகும். இலை இருந்தால்தான் குடியிருக்கும்.

ஆகவே பூவைப் பார்த்து வாங்காதீங்க, இலையைக் கேட்டு வாங்குங்க. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் வரும். வில்வத்திலும் எலுமிச்சை அழகி முட்டை வைக்கும். ஆவாரை, சரக்கொன்றை, தகரை இவற்றில் வெளிர்மஞ்சள் பூச்சிகள் வைக்கும். அடுக்குமாடி வாசல்களில் ஈட்டி மாதிரி நிற்கிற நெட்டிலிங்க மரத்தை யாரும் கவனிப்பதில்லை. கறுப்பில் பச்சைப் புள்ளி போட்டு, ஒரு இடத்தில் நிற்காமல் படபடக்கும் பூச்சிக்கு அதுதான் தாய்வீடு. அடையாற்றங்கரையில் தானாக முளைக்கிற எருக்கஞ்செடியில் வெந்தய வரியன், ஆமணக்கில் பழுப்பு நிறப் பூச்சி. காலி மனையெல்லாம் வீடாகிக்கொண்டு வருகிறது. அங்கே இருந்த எருக்கும் தகரையும் போனால் பூச்சியும் போகும். அதனால்தான் தொட்டியிலாவது வைக்கச் சொல்கிறோம்.

ஆடுதின்னாப்பாளையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். கறுப்பு இறக்கையும் சிவப்பு உடம்புமாக வருகிற சிவப்புடல் அழகியின் புழு இதைத் தின்னும். இலையின் விஷம் புழு உடம்பிலேயே தங்கிவிடுவதால் பூச்சியான பிறகும் பறவைகள் அதைத் தொடாது. இதைப் பார்த்து நம்ம கறிவேப்பிலை அழகி என்ன செய்தது தெரியுமா? அதன் பெண்களில் சிலது அந்த விஷப் பூச்சி மாதிரியே சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டு பறக்கும். விஷம் ஒன்றும் கிடையாது, பக்கத்து வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு தப்பிக்கிற கதைதான். இன்னொன்றையும் கவனமாகக் கேளுங்க. ஆடுதின்னாப்பாளையைப் பெரியவர்கள் பூச்சி மருந்து என்று கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும் என்று இப்போது தெரிந்துவிட்டது. புழு தின்னட்டும், நாம் குடிக்க வேண்டாம்.

பால்வாடிக்கு இந்தச் செடி ஆகாது. அரளியும் ஆகாது. வெண்புள்ளிக் கருப்பன் அரளியில் முட்டை வைக்கும் என்றாலும் இலை, பூ, காய் எல்லாமே விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆமணக்கு விதையைக் குழந்தை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இவற்றை வெளிவேலி ஓரமாக, பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் விட்டுவிடலாம். வாசலுக்குக் கறிவேப்பிலை, ஆவாரை போதும். எலுமிச்சையில் முள் இருப்பதால் மூலையில் வைத்தோம்.

தேனுக்கு இட்லிப் பூவை மிஞ்சியது இல்லை, அதிலும் சிவப்பு. செண்டுமல்லி, துளசி, ஒற்றைச் செம்பருத்தி நல்லது. அடுக்குப் பூவில் இதழ்தான் இருக்கிறது, பூச்சியின் வாய் தேனை எட்டுவது கஷ்டம். களை என்று நாம் பிடுங்கிப் போடுகிற வெட்டுக்காயப் பூண்டின் சின்னப் பூவில் எத்தனை பூச்சி உட்காருகிறது என்று ஒரு நாள் பத்து மணி வெயிலில் நின்று பாருங்க. உன்னிச்செடியிலும் கூட்டமாக வரும், ஆனால் நாங்கள் அதை வைக்கச் சொல்ல மாட்டோம். அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த செடி, முதுமலை, சத்தியமங்கலம் காடுகளையே அடைத்துக்கொண்டிருக்கிறது.

இனி எங்கள் குழுவில் நடந்த சண்டைக்கு வருகிறேன், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு அக்கா கேட்டார்: "கறிவேப்பிலை விக்கிற விலைக்கு, தாளிக்க வைக்கிறதா, புழுவுக்கு வைக்கிறதா? உங்களுக்கு வேற வேலை இல்லையா?" நியாயமான கேள்வி. 2015 டிசம்பரில் ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்தபோது அவர் வீட்டு மரமே போய்விட்டது. மறுபடி ஒரு கன்றைக் கண்ணாக வளர்த்து வைத்திருக்கிறார். முழங்கால் உயரக் கன்றை இரண்டு மூன்று புழு மொட்டையடித்துவிடும் என்பதும் உண்மைதான். கடைசியில் இரண்டு தொட்டி என்று முடிவானது. ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு. சமையல் தொட்டியில் புழுவைப் பார்த்தால், அது இருக்கிற ஈர்க்கோடு ஒடித்து மற்றத் தொட்டியில் செருகிவிடுகிறோம். ஆளுயரம் வளர்ந்த மரத்துக்கு அந்தக் கவலை இல்லை, தின்ற இடத்தில் துளிர்த்துக்கொள்ளும். தையல்சிட்டும் குளவியும் பெரும்பாலான புழுவைத் தூக்கிப் போய்விடும், நமக்கு மிஞ்சுவதே கொஞ்சம்தான். அந்த அக்கா இன்னும் முழு மனசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

மருந்து மட்டும் அடிக்கவே கூடாது. "வேப்பெண்ணெய் இயற்கைதானே?" என்று கேட்பீங்க. இயற்கைதான், ஆனால் அந்தக் கசப்பில் புழு தின்னாமல் பட்டினியில் சாகும். புழுத் தொட்டிக்கு அதுவும் வேண்டாம். ஈர மண்ணிலிருந்து உப்புச் சத்து உறிஞ்ச ஆண் பூச்சிகள் வரும். அதற்கு ஒரு பழைய தட்டில் மணல் போட்டு நனைத்து வைத்தால் போதும். தண்ணீர் தேங்கக் கூடாது, டெங்கு கொசு முட்டை போட்டுவிடும். தொட்டி நல்ல வெயிலில் இருக்கட்டும். நிழலில் வைத்துவிட்டு வரவில்லை என்றால் என்ன செய்வது?

2019-ல் அரசு தமிழ் மறவன் என்ற பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலைப் பூச்சி, நம்ம தெருவுக்கு வராது. ஸ்ரீரங்கம் பக்கத்தில் 2015-ல் திறந்த பட்டாம்பூச்சிப் பூங்காவுக்குச் சுற்றுலா போகலாம் என்று சிலர் சொன்னார்கள். போகலாம், பணம் சேரட்டும். அதுவரை பால்வாடி வாசலே இருக்கிறது. போன மழை முடிந்து வெயில் வந்த வாரம் அங்கே கறிவேப்பிலையில் பச்சைப் புழுவைப் பார்த்து ஒரு பிள்ளை, "டீச்சர், இதுக்கு எப்போ ரெக்கை முளைக்கும்?" என்று கேட்டு, தினமும் வந்ததும் முதலில் அங்கேதான் ஓடியது. இறக்கை முளைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பால்வாடி பூட்டியிருந்தது. திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்குக் காலிக் கூட்டைத்தான் காட்ட முடிந்தது. அழுதது. அடுத்த புழுவுக்குக் காத்திருக்கிறது.

எங்களிடம் கறிவேப்பிலை வேர்க்கன்றும் இட்லிப் பூக் குச்சியும் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு ஓட்டை வாளியோ பெயின்ட் டப்பாவோ கொண்டு வந்தால் மண்ணோடு தருகிறோம், பணம் வேண்டாம். ஒரு வீட்டுக்கு இரண்டு கன்று, எதற்கு இரண்டு என்று உங்களுக்கே தெரியும். செடி வாங்கிய ரசீதுகளைப் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறோம், மீதித் தொகையைக் குழுக் கணக்கில் கட்டியாச்சு. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.