அறை கொடுத்த ஊரும் அறை மறுத்த ஊரும்

(வெளிநாட்டுப் படிப்புக்குப் புறப்படும் மாணவர்களை வழியனுப்பும் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம தெருவிலிருந்து ஒரு பிள்ளை வெளியூருக்குப் படிக்கப் போனால் பெற்றவள் கேட்கிற முதல் கேள்வி, ‘என்ன படிக்கப் போறே’ என்பதல்ல. ‘தங்க எடம் இருக்கா? சோத்துக்கு என்ன பண்ணுவே?’ என்பதுதான். நமக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். வாடகை எவ்வளவு என்று நாம் கேட்பதற்கு முன்னாலேயே, ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று வீட்டுக்காரர் கேட்டுவிடுவார். அதனால் இன்றைக்குப் பட்டத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அறையைப் பற்றிப் பேசுகிறேன்.

1913 ஜூலையில், 22 வயதில், அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் போய் இறங்கினார். அந்த வருடம் பிப்ரவரியில்தான் அப்பா இறந்திருந்தார். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடத்துக்கு. படித்து முடித்ததும் பத்து வருடம் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் முதலில் தங்கினார். சாப்பாடு ஒத்துவரவில்லை. பல நாட்டு மாணவர்கள் தங்கும் காஸ்மோபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். பிறகு வேறொரு விடுதியில் நவல் பத்தேனா என்ற பார்சி மாணவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டார். ஆரம்பத்தில் அவரும் புது ஊரின் சுதந்திரத்தில் கொஞ்சம் மிதந்தவர்தான். அப்புறம்தான் நூலகமே கதி என்று உட்கார்ந்தார். மிச்சம் பிடித்ததை வீட்டுக்கு அனுப்பினார். உங்களில் யாருக்காவது முதல் மாதம் படிப்பு ஓடவில்லை என்றால் பயந்துபோக வேண்டாம்.

அமெரிக்கா ஒன்றும் சொர்க்கமில்லை. அதே காலத்தில் அதன் தென் மாநிலங்களில் கறுப்பர்களைப் பிரித்து வைக்கச் சட்டமே இருந்தது. ஆனால் அந்த வளாகத்தில் ஒருவர் தொட்ட தம்ளரை இன்னொருவர் கழுவி எடுக்கவில்லை. 1916 மே 9 அன்று, ஒரு கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்று கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. கதவைத் தட்டி யாரும் விரட்டாத ஓர் அறையில் உட்கார்ந்து எழுதியது அது.

அதன் பிறகு லண்டன். அங்கே படிப்பு முடிவதற்கு முன்பே உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-ல் பாதியில் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அந்த ஊரில் தங்க ஓர் இடம் இல்லை! பார்சிகளின் சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்து நின்றார்கள். சாயந்திரத்துக்குள் காலி பண்ணு என்றார்கள். இந்து நண்பர் ஒருவரிடம் கேட்டார். நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். கிறித்தவ நண்பரும் கைவிரித்தார். ராத்திரி ரயில் வரும்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்தார், கண்ணீரோடு.

ஒன்றைக் கவனியுங்கள். நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்தவர் பார்சி. பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். 1920-ல் மறுபடி லண்டன் போகப் பணம் கடன் கொடுத்தவரும் அதே நவல் பத்தேனாதான். மதம் மாறவில்லை, ரத்தம் மாறவில்லை. ஊர்தான் மாறியது. இந்து மதத்துக்கு வெளியே இருப்பவனையும் தடி எடுக்க வைக்கிறது, இந்த ஊரில் இருக்கிற சாதி.

அப்போ கப்பல் ஏறினால் தப்பித்தோம் என்று அர்த்தமா? அதுவும் இல்லை. இன்றைக்கு சாதியும் விசா வாங்கிவிட்டது. அங்கே நம்மாட்கள் நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். ‘சைவம் மட்டும்’ என்கிறார்கள். சொந்த ஊர் கேட்கிறார்கள், அப்பா பெயர் கேட்கிறார்கள். எதற்கென்று நமக்குத் தெரியாதா? எதிர்த்துப் போராடியவர்களும் இருக்கிறார்கள். 2019-ல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சட்டமே போட்டது. அதே வருடம் கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். சண்டை முடியவில்லை.

இங்கே என்ன நடந்தது? பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு 2022-ல் ஒரு புது விதி வந்தது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் கிடையாதாம். அந்த விதிப்படி பார்த்தால், 1916-ல் சாதியைப் பற்றி எழுதிய அந்த மாணவருக்கே உதவித்தொகை கிடைத்திருக்காது. நாம் வெளிநாட்டில் எந்திரம் படிக்கலாம், மருந்து படிக்கலாம். நம்மை மிதித்த காலைப் பற்றி மட்டும் படிக்கக் கூடாது!

எனவே, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதல் வருடம் முடிந்தவரை பல்கலைக்கழக விடுதியிலேயே இடம் பிடியுங்கள். அங்கே சாதி கேட்க வழி குறைவு. உதவித்தொகை தாமதமாக வரலாம். இரண்டு மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் அண்ணல் ராத்திரிப் பசிக்கு, தெரிந்தவர் கொடுத்த அப்பளத்தைத் தின்றுவிட்டுப் படித்தார். அது பெருமைப்பட வேண்டிய பட்டினி இல்லை. உங்களுக்கு அது வேண்டாம். பேரை மாற்றிச் சொல்லாதீர்கள். பரோடாவில் மாற்றிச் சொன்ன பேர் அவரைப் பத்து நாள்தான் காப்பாற்றியது. எந்தப் பாடம் எடுத்தாலும், நம்ம தெருவைப் பற்றி ஒரு கட்டுரையாவது அங்கே உட்கார்ந்து எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. முதலில் போகிறவர்கள் உங்கள் அறையில் ஒரு பாய் விரிக்க இடம் வையுங்கள். அடுத்த வருடம் இன்னொரு சேரியிலிருந்து ஒரு பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கும். அதன் அம்மாவும் இங்கே அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். ‘இருக்கும்மா, எடம் இருக்கு’ என்று அந்தப் பிள்ளை சொல்ல வேண்டும்.

ஜெய்பீம்.